புட்டியில் வளர்ந்த நேந்திரன் கன்று: கூடலூர் விவசாயி எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கூடலூர், பந்தலூர் பகுதியில் நேந்திரன் போடுபவர்களுக்கு ஓணம்தான் கணக்கு. ஆவணியில் தார் வெட்ட வேண்டும் என்றால் முந்தைய புரட்டாசி, ஐப்பசியிலேயே கன்று மண்ணில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கன்று தேடுவதால் தட்டுப்பாடு வரும். 'இது லேப் கன்று, நோயே வராது' என்ற விற்பனைப் பேச்சும் கூடவே வரும்.

யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் போக மிஞ்சியதைத்தான் நீங்கள் சந்தைக்குக் கொண்டு போகிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் கன்றே நோயோடு வந்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும். அதோடு நிற்காமல் பக்கத்துத் தோட்டத்துக்கும் நோய் போகும். ஆகவே 'லேப் கன்று' என்ற சொல்லுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நோயில்லாத நடவுப் பொருளுக்காக 'தூய தாவரத் திட்டம்' என்ற ஒன்றுக்கு ரூ.1,765.67 கோடியை மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணத்தால் மலைப் பகுதி வாழை விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்பதையும் இந்த நேரத்தில் கேட்டாக வேண்டும்.

புட்டிக்குள் இருப்பது என்ன?

திசு வளர்ப்பில் வாழையின் பக்கக்கன்றை எடுத்து, மட்டைகளை உரித்து, உள்ளே இருக்கும் சிறு குருத்து முனையைக் கிருமி நீக்கி, கண்ணாடிப் புட்டியில் உள்ள கூழ் மேல் வைக்கிறார்கள். அந்தக் கூழ்தான் அதற்கு மண், உரம், தண்ணீர் எல்லாம். உலகம் முழுவதும் வாழை ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் உப்புக் கலவைக்கு 'எம்.எஸ்.' என்று பெயர்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. உரக்கடையில் நீங்கள் பார்க்கும் பெயர்கள்தான் பெரும்பாலும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1,650 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1,900 மில்லிகிராம், கால்சியம் குளோரைடு 440, மெக்னீசியம் சல்பேட் 370, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 170 மில்லிகிராம். சொட்டு நீரில் விடும் 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட்தான். 0:52:34 என்பது அந்தக் கடைசி பாஸ்பேட்தான். வித்தியாசம் தூய்மையில் இருக்கிறது. ஆய்வகத்துக்கு வாங்கும் உப்பு மிகத் தூய தரத்தில் இருக்கும், விலையும் அதற்கேற்ப அதிகம்.

நுண்ணூட்டங்களும் உண்டு. மாங்கனீசு சல்பேட் 22.3, துத்தநாக சல்பேட் 8.6, போரிக் அமிலம் 6.2 மில்லிகிராம். தாமிர சல்பேட் 0.025 மில்லிகிராம் மட்டுமே. இந்த அளவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். மிளகுக் கொடிக்கு ஒரு சதவீத போர்டோ கலவை தயாரிக்கும்போது லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் போடுகிறீர்கள். அதே மயில்துத்தம்தான் இதிலும். ஆனால் போர்டோவில் இருப்பது இதைவிட 4 லட்சம் மடங்கு. பூஞ்சையைக் கொல்லும் பொருளே மிகச் சிறிய அளவில் செடிக்கு உணவாகிறது.

இரும்புச் சத்தை அப்படியே போட்டால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து அடியில் படிந்துவிடும். அதனால் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளுடன் பிணைத்துக் கொடுக்கிறார்கள். கடையில் 'செலேட்டட் இரும்பு' என்று விற்பது இதே முறையில் தயாரானதுதான்.

இவற்றோடு லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, சில வைட்டமின்கள், கூழாக உறைய அகார் என்ற கடற்பாசிப் பொடி, குருத்து பல கிளையாகப் பிரிய பி.ஏ.பி. போன்ற வளர்ச்சி ஊக்கி ஆகியவை சேரும். பி.எச். 5.8 அளவுக்குச் சரி செய்து, 121 டிகிரி வெப்ப நீராவியில் கிருமி நீக்குவார்கள்.

சர்க்கரை எதற்கு என்று கேட்கலாம். புட்டிக்குள் வளரும் செடி தன் இலையால் போதுமான உணவு தயாரிப்பதில்லை. சர்க்கரையைக் குடித்துத்தான் வளர்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்று வயலுக்கு வந்த பிறகு ஏற்படும் பல பிரச்சினைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கலவை யாருடைய ரகசியமும் இல்லை

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தோஷியோ முராஷிகே, ஃபோல்கே ஸ்கூக் என்ற இருவர் 1962-ல் இந்தக் கலவையை வெளியிட்டார்கள். 'எம்.எஸ்.' என்பது அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள். அவர்கள் வேலை செய்தது புகையிலைத் திசுவில். புகையிலை இலைச் சாறு சேர்த்தபோது திசு பல மடங்கு வேகமாக வளர்ந்தது. சாற்றில் ஏதோ புதிய ஊக்கி இருக்கிறது என்று தேடினார்கள். பார்த்தால், வளர்ச்சிக்குப் பெரும் காரணம் அந்தச் சாற்றில் இருந்த தாது உப்புகள்தான். அதுவரை பயன்படுத்திய கலவைகளில் உப்பு போதவில்லை என்பது தெரிந்தது. தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் தாராளமாகக் கூட்டி இந்தக் கலவையை அமைத்தார்கள்.

எல்லாப் பயிருக்கும் இதே அடர்த்தி ஒத்துவராது. வேர் பிடிக்கும் கட்டத்தில் பல பயிர்களுக்கு உப்பைப் பாதியாகக் குறைக்கிறார்கள். மரவகைச் செடிகளுக்கு உப்பு குறைந்த வேறு கலவைகளும் உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அளவுகள் 60 ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் கிடைக்கின்றன. தயார்நிலைப் பொடியாகவும் பொட்டலத்தில் விற்கிறார்கள். எந்த ஆய்வகமும் 'எங்கள் ஊட்டக் கலவை தனி' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்க முடியாது. திசு வளர்ப்பு உப்பு என்று சொல்லி வயலில் தெளிக்க யாராவது 'டானிக்' விற்றால் அதற்கும் இதே பதில்தான். சர்க்கரை கலந்த கூழில், கிருமியே இல்லாத புட்டியில் வளரும் குருத்துக்கான அளவு அது. உங்கள் மண்ணுக்கு வேண்டியது மண் பரிசோதனை முடிவு. கூடலூர் மண் பெரும்பாலும் புளிப்பு மண். அங்கே சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

உப்பு செய்யாத வேலை

'லேப் கன்றுக்கு நோய் வராது' என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நூற்புழு, கிழங்குக் கூன்வண்டு, மண்வழிப் பூஞ்சை ஆகியவை இல்லாமல்தான் கன்று புட்டியிலிருந்து வெளியே வரும். பக்கக்கன்றை ஒப்பிட்டால் இது பெரிய லாபம். மற்ற பாதி தவறு. வைரஸ் செடியின் உயிரணுவுக்கு உள்ளேயே இருக்கிறது. மேற்பரப்பைக் கழுவும் மருந்து அதைத் தொடாது. கூழில் உள்ள உப்பும் அதை ஒன்றும் செய்யாது. சத்து நிறைவாகக் கிடைப்பதால் வைரஸ் உள்ள குருத்துகூடப் புட்டியில் பச்சைப்பசேல் என்று வளரலாம். கண்ணால் பார்த்து ஒதுக்க முடியாது.

நோயுள்ள ஒரு பக்கக்கன்றை நீங்கள் நட்டால் ஒரு குழியில் நோய் வரும். அதே கன்றை ஆய்வகம் பெருக்கினால் நூற்றுக்கணக்கான கன்றுகளாகப் பல ஊர்களுக்குப் போகும். திசு வளர்ப்பின் பலமும் ஆபத்தும் இதுவே.

வாழையில் கவனிக்க வேண்டிய வைரஸ் நோய்கள் நான்கு. முடிக்கொத்து நோயில் இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். பூமடல் தேமல் நோயில் தண்டின் வெளிமட்டையை உரித்தால் செந்நிறக் கீற்றுகள் தெரியும். நேந்திரனை அதிகம் தாக்கும் இதைக் கேரளத்தில் 'கொக்கான்' என்பார்கள். வெள்ளரித் தேமல் வைரஸ், வாழைக் கீற்று வைரஸ் மற்ற இரண்டும். முதல் மூன்றையும் அசுவினி பரப்புகிறது. இவற்றில் எதற்கும் வயலில் மருந்து கிடையாது. செடியைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி.

கீழ்ப்பழனி மலை சொல்லும் பாடம்

நமக்கு நெருக்கமான உதாரணம் திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. 1970-களில் அங்கே விருப்பாட்சி மலைவாழை சுமார் 18,000 எக்டேரில் இருந்தது. முடிக்கொத்து நோய் பரவி, பரப்பு சுமார் 2,000 எக்டேருக்குச் சுருங்கியது. விவசாயிகள் நோய்த் தோட்டத்திலிருந்தே பக்கக்கன்று எடுத்து நட்டதால், அசுவினி பரப்பியது போக மனிதர்களும் சேர்ந்து நோயைச் சுமந்தார்கள்.

பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நோயற்ற தாய்ச்செடிகளைத் தேர்ந்து, எலைசா, பி.சி.ஆர். முறைகளில் வைரஸ் பரிசோதனை செய்து, திசு வளர்ப்பில் பெருக்கிக் கொடுத்தன. மலைவாழை மீண்டும் தலையெடுக்க அது உதவியது.

அங்கே பயன்பட்டதும் அதே எம்.எஸ். உப்புதான். பலன் வந்ததற்குக் காரணம் தாய்ச்செடித் தேர்வும் பரிசோதனையும். புதுக்கன்று நட்டவர்கள் பக்கத்தில் இருந்த நோய்ச் செடிகளையும் அகற்றினால்தான் அது நிலைக்கும் என்பதும் அங்கே கிடைத்த பாடம். மேட்டு நிலம், சிதறிய சிறு தோட்டங்கள், கைவிட்ட வாழைப் புதர்கள் என்று கூடலூரின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

சான்று என்றால் என்ன?

திசு வளர்ப்புக் கன்றுக்கு நாட்டில் ஒரு சான்று முறை இருக்கிறது. 1966-ம் ஆண்டு விதைச் சட்டத்தின் கீழ் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு 2006-ல் இந்தப் பொறுப்பு தரப்பட்டது. இதில் இரண்டு படிகள். முதலில் ஆய்வகத்தின் கட்டமைப்பைப் பார்த்து அங்கீகாரம் தருகிறார்கள். அடுத்து, அங்கே உருவாகும் கன்றுகளைத் தொகுதி தொகுதியாக, அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் வைரஸ் உண்டா, ரகம் மாறாமல் இருக்கிறதா என்று சோதித்துச் சான்று அட்டை தருகிறார்கள். திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் அப்படிப்பட்ட பரிசோதனை நிலையங்களில் ஒன்று.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'எங்கள் லேப் அங்கீகாரம் பெற்றது' என்பது முதல் படி மட்டுமே. உங்கள் கைக்கு வரும் கன்றுக்கு வேண்டியது இரண்டாவது படி, அதாவது அந்தத் தொகுதிக்கான சான்று.

ரகம் மாறுவதும் சாதாரண விஷயம் இல்லை. ஒரே குருத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பெருக்கினால் குட்டை, இலையில் வெளிர்ப் பட்டை, தார் சிறுத்தல் போன்ற பிறழ்வுகள் கூடும். அதனால் வாழையில் எட்டுச் சுற்றுக்கு மேல் பெருக்கக் கூடாது என்ற வரம்பைப் பின்பற்றுகிறார்கள். தேவை அதிகமாகும் பருவத்தில் இந்த வரம்பு மீறப்படும் ஆபத்தும் அதிகம்.

மலை ஏறி வரும் கன்று

புட்டிச் செடி சர்க்கரை குடித்து வளர்ந்தது என்று பார்த்தோம். அதன் இலையில் மெழுகுப் பூச்சு குறைவு. இலைத்துளைகள் சரியாக மூடித் திறக்கப் பழகவில்லை. வெளியே எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் வாடிவிடும். அதனால் முதலில் நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டில் ஐந்து, ஆறு வாரம், பிறகு மண் நிரப்பிய பையில் மேலும் ஐந்து, ஆறு வாரம் வைத்துக் கடினப்படுத்துகிறார்கள். பருவத்தில் கிராக்கி அதிகமாகும்போது முதலில் சுருங்குவது இரண்டாவது கட்டம்தான்.

கூடலூருக்கு வரும் கன்று மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாகவோ, நாடுகாணி மலைப்பாதையில் கேரளத்திலிருந்தோ, முதுமலை வழியாக மைசூரு பக்கமிருந்தோ வரும். சமவெளி வெப்பத்தில் பழகிய கன்று, பல மணி நேரம் வண்டியில் குலுங்கி, சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஈரக் குளிருக்குள் இறங்குகிறது. வடிகால் இல்லாத குழியில் நட்டால் இளங்கன்றுக்குக் கிழங்கு அழுகல் வர வாய்ப்பு அதிகம். கன்றின் மேல் பழி போடுவதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டக் கடினப்படுத்துதலை இங்கேயே செய்தால் கன்று இந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. நிழல்வலை, தண்ணீர், நல்ல மண் கலவை, பழகிய இரண்டு கைகள் போதும். உழவர் உற்பத்தியாளர் குழுவோ மகளிர் குழுவோ செய்யக்கூடிய வேலை இது. தோட்டக்கலைத் துறைக்குத் தேவாலாவில் பண்ணை இருக்கிறது. அங்கே இதைத் தொடங்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

இஞ்சி, ஏலம், தேயிலை

இஞ்சி விவசாயிகளும் திசு வளர்ப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். மெல்லழுகலும் வாடல் நோயும் விதைக்கிழங்கு வழியாகவே வருவதால் புட்டிக் கன்று நல்ல யோசனைதான். ஆனால் முதல் பருவத்தில் கிழங்கு சிறுத்தே இருக்கும். சாதாரண அளவுக்கு வரக் குறைந்தது இரண்டு பருவம் ஆகும். ஆகவே அதை விதைக்கிழங்கு பெருக்கத்துக்கு மட்டும் சிறு பாத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடமே சந்தைக்கு என்று முழுத் தோட்டமும் போட்டால் நஷ்டம்.

ஏலக்காயில் திசு வளர்ப்பு நம் பகுதிக்குப் புதிதல்ல. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கி, கொச்சியில் இருந்த வணிக ஆய்வகம் வழியாக மலைத் தோட்டங்களுக்குக் கன்றுகள் வந்தன. தேயிலைக்கு ஒற்றை இலைத் தண்டுத் துண்டே மலிவாகவும் நம்பகமாகவும் இருக்கிறது. அதற்குப் புட்டிக் கன்று வாங்க வேண்டிய அவசியம் விவசாயிக்கு இல்லை.

1,765 கோடியில் நமக்கு என்ன?

தூய தாவரத் திட்டத்தில் ஒன்பது மையங்கள் வரும் என்று அறிவித்தார்கள். திராட்சைக்குப் புணே, ஆப்பிள் போன்ற குளிர்ப்பிரதேசப் பழங்களுக்கு ஸ்ரீநகரும் முக்தேஷ்வரும், சிட்ரஸுக்கு நாக்பூரும் பிகானேரும், மா, கொய்யா, வெண்ணெய்ப்பழத்துக்குப் பெங்களூரு, மாதுளைக்குச் சோலாப்பூர் என்று பட்டியல் போகிறது. வாழைக்கென்று தனி மையம் அந்த அறிவிப்பில் இல்லை. திசு வளர்ப்பில் அதிகம் விற்கும் பயிர் வாழை. கன்று வழியாக வைரஸ் பரவும் அபாயமும் அதில் அதிகம். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

'கூடலூருக்கு ஒரு ஆய்வகம் வேண்டும்' என்ற கோரிக்கை எழுவது இயல்பு. செலவு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கூழின் விலையைக் குறைக்க வழிகள் உண்டு. தூய சுக்ரோஸுக்குப் பதில் கடைச் சர்க்கரை, அகாருக்குப் பதில் இசப்கோல் அல்லது மரவள்ளி, ஜவ்வரிசி மாவு என்று பல நாடுகளில் முயன்றிருக்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமை 2004-ல் இதைப் பற்றி ஒரு கையேடே வெளியிட்டது. ஆனால் ஆய்வகத்தின் பெரிய செலவு உப்பில் இல்லை. குளிரூட்டலுக்கும் விளக்குக்கும் ஆகும் மின்சாரம், புட்டிக்குப் புட்டி மாற்றும் கைவேலை, கிருமி புகுந்து வீணாகும் தொகுதிகள் இவைதான் சுமை. வருடத்தில் சில மாதமே தேவை இருக்கும் ஒரு வட்டத்தில் அதை நடத்துவது கடினம்.

அதே பணத்தை மூன்று வேலைகளில் போட்டால் பலன் நேரடியாக வரும். கூடலூர், பந்தலூர் தோட்டங்களில் நல்ல நேந்திரன் தாய் மரங்களை அடையாளம் கண்டு வைரஸ் பரிசோதித்துப் பதிவு செய்வது ஒன்று. அவற்றை அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் பெருக்கி, கடினப்படுத்துதலை இங்கே செய்வது இரண்டு. விவசாயி இலை மாதிரியை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலேயே கொடுத்து, பரிசோதனை முடிவைப் பெறும் வசதி மூன்று. மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மானியத்தில் எத்தனை கன்று கொடுத்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவற்றில் எத்தனை தொகுதிக்குச் சான்று இருந்தது என்றும் கேளுங்கள்.

வாங்கும் முன்

1. தாய்ச்செடி எந்த ஊர், எந்த ரகத் தேர்வு என்று கேளுங்கள். நேந்திரனில் பல வகை உண்டு. உங்கள் சந்தைக்கு ஏற்ற வகையா என்று உறுதி செய்யுங்கள்.

2. தொகுதி எண்ணுடன் சான்று அட்டையைப் பாருங்கள். ரசீதில் ரகப் பெயரும் தொகுதி எண்ணும் எழுதி வாங்குங்கள். தார் வெட்டும் வரை இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு புகார் கொடுக்க உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

3. கன்று சுமார் ஒரு அடி உயரமும் ஐந்து, ஆறு நல்ல இலைகளும் கொண்டிருக்க வேண்டும். ஒன்றிரண்டு பைகளைப் பிரித்து வேர் வெண்மையாக, நிறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. குட்டையாக, இலை நெருக்கமாக, வெளிர்ப் பட்டையுடன் இருப்பவற்றை வண்டியிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

5. 1.8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 1,200-க்கும் சற்று அதிகமான கன்று பிடிக்கும். புது இடத்தில் வாங்கும் கன்று என்றால் முதல் வருடம் நூறு, இருநூறோடு நிறுத்திப் பாருங்கள்.

6. வந்த கன்றை உடனே நடாமல் ஒரு வாரமாவது உங்கள் தோட்ட நிழலில் வைத்துப் பழக்குங்கள். குழியில் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுங்கள்.

7. நடும் முன் பழைய வாழைப் புதர்களையும் வேலியோர நோய்ச் செடிகளையும் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். ஊடுபயிராக வெள்ளரி, பூசணி, தக்காளி, மிளகாய் வேண்டாம். இவை தேமல் வைரஸுக்கு இடம் கொடுக்கும்.

சான்றுள்ள கன்று கிடைக்காத வருடத்தில் பயப்பட வேண்டாம். நீங்கள் ஒரு முழுப் பருவம் கண்ணால் பார்த்து, நோயில்லை என்று அறிந்த தோட்டத்தின் ஈட்டி இலைப் பக்கக்கன்றை எடுத்து, கிழங்கைச் செதுக்கி, நேர்த்தி செய்து நடுங்கள். பரிசோதனை இல்லாத 'லேப் கன்று' வாங்குவதைவிட அது பாதுகாப்பானது.